வரி வாங்க ஆளில்லாத துறைமுகம்: ஷாங்காய் சுங்கச்சாவடி, 1853–54

எந்த நிகழ்வு, ஏன் இது

1853 செப்டம்பரில் தொடங்கி 1854 ஜூலையில் முடியும் பத்து மாதக் கதை இது. இடம் ஷாங்காய். அந்தப் பத்து மாதமும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. துணி இறங்கியது, பட்டும் தேயிலையும் ஏறின. இதற்கெல்லாம் சீன அரசுக்குச் சேர வேண்டிய வரியை யார் வாங்குவது, எங்கே வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரான்சும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன அலுவலகத்தைத் திறந்தன. அவசரத்துக்குத் திறந்த அந்த அலுவலகம் ஏறக்குறைய நூறு ஆண்டு நீடித்தது.

சீனாவின் ஒப்பந்தத் துறைமுகங்கள் என்றாலே பீரங்கியும் ஒப்பந்தக் கையெழுத்தும்தான் நினைவுக்கு வரும். அந்நிய நாடுகளின் போட்டி கணக்குப் புத்தகத்துக்குள் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பத்து மாதத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்று முடிவெடுத்தவர்களைப் பெயரால் அல்லாமல் பதவியால் குறிக்கிறேன். பெயரைச் சொன்னால் அவர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நாற்காலிகள் அவர்களை எந்தப் பக்கம் தள்ளின என்பதுதான் இங்கே முக்கியம்.

பின்னணி: காகிதத்தில் இருந்த முறை

1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் குவாங்சோ, ஷியாமென், ஃபூசோ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்கள் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் திறந்தன. ஷாங்காய் திறந்த நாள் 1843 நவம்பர் 17. அடுத்த ஆண்டே அமெரிக்காவும் பிரான்சும் தனித்தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஒருவருக்குக் கொடுத்த சலுகை தானாகவே மற்றவருக்கும் சேரும் என்ற விதி இருந்ததால், மூன்று பேரும் சட்டப்படி ஒரே வரிசையில் நின்றார்கள். நடைமுறையில் அப்படி இல்லை என்பதிலிருந்துதான் சிக்கல் ஆரம்பம்.

வரி பெரிய தொகை அல்ல. பெரும்பாலான சரக்குக்கு மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதம். தேயிலைக்கு ஒரு பிக்குலுக்கு இரண்டரை டேல் வெள்ளி, கச்சாப் பட்டுக்கு 10 டேல். ஒரு பிக்குல் சுமார் 60 கிலோ; டேல் என்பது வெள்ளியை நிறுக்கும் சீன எடை.

வசூலிக்கும் முறை இன்றைய கிளியரிங் ஏஜெண்டுக்குக்கூடச் சட்டென்று பிடிபடும். கப்பல் வந்ததும் கேப்டன் தன் நாட்டுக் கான்சலிடம், அதாவது துறைமுகத்தில் இருக்கும் தன் அரசின் பிரதிநிதியிடம், கப்பலின் காகிதங்களை ஒப்படைக்க வேண்டும். கான்சல் சீனச் சுங்கத்துக்குத் தகவல் கொடுப்பார். சுங்கம் அனுமதி தந்தபின் சரக்கு இறங்கும், எடை போடப்படும். வரியை அரசு அங்கீகரித்த வங்கியில் கட்டி ரசீது வாங்க வேண்டும். எல்லாம் கட்டியாயிற்று என்று சுங்கம் முத்திரை போட்ட சீட்டைக் கொடுத்தால்தான் கான்சல் காகிதங்களைத் திருப்பித் தருவார், கப்பல் கிளம்பும். ஆக, கப்பலின் கடிவாளம் சீன அதிகாரி கையில் இல்லை, அந்நியக் கான்சல் கையில் இருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ஏற்பாடுதான் அச்சு.

பின்னணி: தரையில் இருந்த நிலை

ஷாங்காயில் சுங்கத்தின் தலைவர் அந்த வட்டாரத்தின் தாவோதாய், அதாவது மாவட்டங்களுக்கு மேற்பட்ட அரசு அதிகாரி. 1853-இல் இருந்தவர் குவாங்டாங் மாகாணத்துக்காரர். முன்பு குவாங்சோவில் அந்நியரோடு வணிகம் செய்யும் உரிமை பெற்றிருந்த வணிகர்களில் ஒருவர். அரசாங்கம் எதிர்பார்க்கும் தொகையை மேலே அனுப்பிவிட்டால் போதும், மிச்சத்தை யாரும் துருவிக் கேட்பதில்லை. அதனால் பேரம் சகஜம். பத்துப் பெட்டி இறங்கினால் ஏழு என்று எழுதுவது, தேயிலை எடையைக் குறைத்துப் போடுவது எல்லாம் நடந்தது. சுங்க ஊழியர்களுக்கு அந்நிய மொழி தெரியாது, கப்பலில் ஏறிச் சோதிக்கும் பலமும் கிடையாது.

கான்சல்களும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டிஷ் கான்சல் சம்பளம் வாங்கும் முழுநேர அரசு அதிகாரி. தன் நாட்டுக் கப்பல் வரி ஏய்த்தால் அதில் தலையிடும் கடமை ஆரம்ப ஆண்டுகளில் அவருக்கு இருந்தது. அமெரிக்கத் துணைக் கான்சலோ ரசல் கம்பெனி என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தின் பங்காளி. காலையில் கான்சல், மதியம் வியாபாரி. ஒப்பந்தமே போடாத சிறு நாடுகளின் கான்சல்களும் பெரும்பாலும் இப்படி வணிகர்களே. பிரெஞ்சுக் கான்சலுக்குக் கவனிக்க வணிகமே அதிகம் இல்லை. அவருடைய அக்கறை கத்தோலிக்க மிஷன்கள்மீதும், 1849-இல் பெற்ற தனிக் குடியிருப்புப் பகுதிமீதும்தான்.

விளைவு ஊகிக்கக்கூடியதே. கண்டிப்பான கான்சலின் கீழே இருந்த பிரிட்டிஷ் வணிகர் முழு வரி கட்டினார், பக்கத்துக் கிடங்குக்காரர் பாதி கட்டினார். பிரிட்டிஷ் வணிகர்களின் புகாரெல்லாம் வரி அதிகம் என்பதல்ல, அடுத்தவன் கட்டவில்லை என்பதுதான். புகார் வலுத்து, 1851-இல் லண்டன் தன் கான்சல்களை இந்தக் காவல் வேலையிலிருந்து விடுவித்தது. அதன்பின் எல்லோரும் சமமாக ஏய்த்தார்கள்.

அபினைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்த அபின் சீனச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட சரக்கு. ஆகவே அது சுங்கச்சாவடிப் பக்கமே வராது. ஆற்றின் முகத்துவாரமான வூசோங்கில் நங்கூரமிட்ட கப்பல்களில் கைமாறிவிடும். அதனால் சுங்கச்சாவடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அபினுக்கு ஒன்றுதான். வரி நேர்மையைப் பற்றி இந்த ஆய்வில் யார் பேசினாலும், மிகப் பெரிய இறக்குமதிச் சரக்கு அந்தப் பேச்சுக்கு வெளியே மிதந்துகொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

1853 செப்டம்பர் 7: நகரம் விழுந்தது

அந்த ஆண்டு மார்ச்சில், சீன அரசை எதிர்த்துப் போரிட்ட தைப்பிங் கிளர்ச்சிக்காரர்கள் நான்ஜிங்கைப் பிடித்திருந்தார்கள். பயந்துபோன தாவோதாய் ஷாங்காயைக் காக்கத் தன் மாகாணத்து ஆட்களையே காவல்படையாகச் சேர்த்தார். அவர்களில் பலர் சிறுவாள் சங்கம் என்ற இரகசிய அமைப்பின் ஆட்கள். வேலிக்குப் போட்ட முள்ளே காலில் ஏறியது. செப்டம்பர் 7 அதிகாலையில் சங்கத்தார் மதில் சூழ்ந்த சீன நகரத்தைக் கைப்பற்றினார்கள். நகர நீதிபதி கொல்லப்பட்டார். தாவோதாய் சிறைப்பட்டார். சங்கத் தலைவரும் குவாங்டாங்காரர், ஊர்ப்பாசம் உயிரைக் காப்பாற்றியது. இரண்டு நாளில் அமெரிக்கர்களின் உதவியுடன் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கி அந்நியர் பகுதிக்குத் தப்பி வந்தார்.

சுங்கச்சாவடி மதிலுக்கு உள்ளே இல்லை. பிரிட்டிஷ் குடியிருப்பில், ஹுவாங்பு ஆற்றங்கரைச் சாலையான பண்டில் இருந்தது. சங்கத்தார் அதைத் தாக்கவில்லை. மறுநாள் ஒரு கும்பல் புகுந்து நாற்காலி, மேசை, கதவு வரை சூறையாடிக்கொண்டு போனது. அந்நியக் கொடிகள் பறக்கும் தெருவில், பட்டப்பகலில்.

இப்போது நிலைமை: வரி வாங்கும் அதிகாரி அகதி, அலுவலகம் வெறும் சுவர், நகரத்தில் இருப்பது கிளர்ச்சி அரசு. ஆற்றில் கப்பல்கள் கிளம்பக் காத்திருக்கின்றன.

முதல் முடிவு: புரோநோட்டு

வணிகர்களில் ஒரு தரப்பு உடனே ஒரு வாதத்தை வைத்தது. துறைமுகத்தைக் காப்பாற்ற முடியாத அரசுக்கு வரி கேட்கும் உரிமை இல்லை, ஒப்பந்தம் அந்த அளவில் செத்துவிட்டது, ஆகவே ஷாங்காய் இனி வரியில்லாத் துறைமுகம். சுயநலமான வாதம்தான், ஆனால் அபத்தமான வாதம் இல்லை. வரியும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று ஈடு என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு.

பிரிட்டிஷ் கான்சல் அதை ஏற்கவில்லை. செப்டம்பர் 9 அன்று தற்காலிக விதிகளை அறிவித்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் எவ்வளவு வரி என்று கான்சலகமே கணக்கிடும். வணிகர் ரொக்கமாகவோ புரோநோட்டாகவோ அந்தத் தொகைக்குக் கான்சலிடம் பிணை வைத்துவிட்டுக் கப்பலை அனுப்பலாம். தாய்நாட்டு அரசு ஒப்புதல் கொடுத்தால் நோட்டு பணமாகும். அமெரிக்கத் துணைக் கான்சலும் இதே முறையை ஏற்றார்.

ஏன் இப்படிச் செய்தார்? அவர் பார்வையில் அந்நியர் ஷாங்காயில் குடியிருப்பதற்கே ஒப்பந்தம்தான் ஆதாரம். வரி கட்டும் பகுதியை நாமே கிழித்தால், மீதிப் பகுதியைச் சீனர்கள் கிழிக்கும்போது வாயைத் திறக்க முடியாது. இரண்டாவது காரணம் இதைவிடச் சாதாரணமானது. எல்லாக் கப்பலுக்கும் ஒரே கணக்கு என்றால் பழைய புகார் எழாது.

அமெரிக்கத் தரப்பில் இன்னொரு கணக்கும் ஓடியது. அப்போது சீனாவில் இருந்த அமெரிக்க ஆணையர், அதாவது கான்சல்களுக்கு மேலே இருந்த அமெரிக்கத் தூதர், பிரிட்டனை நம்பாதவர். சீனப் பேரரசு உடைந்தால் துண்டுகளைப் பொறுக்குவது பிரிட்டனும் ரஷ்யாவுமாகத்தான் இருக்கும், அமெரிக்காவுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே சீன அரசைத் தாங்கிப் பிடிப்பதே அமெரிக்க நலன் என்பது அவர் கருத்து. வரியைக் கட்டியே ஆக வேண்டும் என்று அவர் தன் வணிகர்களிடம் கண்டிப்பாக நின்றதற்கு இதுதான் காரணம். ஒரே விதியை இருவர் ஆதரித்தார்கள், ஒருவர் ஒப்பந்தத்தைக் காக்க, மற்றவர் முதலாமவரைத் தடுக்க.

ஓட்டை

புரோநோட்டு முறையில் ஒரு ஓட்டை முதல் நாளிலிருந்தே தெரிந்தது. பிரெஞ்சுக் கான்சல் சேரவில்லை. சுங்கமே இல்லாத இடத்தில் எந்த வரியை வாங்குவது என்று கேட்டார். ஒப்பந்தமில்லாத நாடுகளின் கப்பல்களைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. அவற்றின் கான்சல்களே வணிகர்கள் என்பதால், சரக்கை ஏற்றிக்கொண்டு தங்களுக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக் கிளம்பினார்கள்.

இது தெரிந்ததும் புரோநோட்டு கொடுத்திருந்தவர்கள் கொதித்தார்கள். கொடியை மாற்றினால் வரி இல்லை என்றால், நல்ல பிள்ளையாக இருப்பதற்கு என்ன பரிசு? 1854 ஜனவரியில் அமெரிக்கக் கான்சலகம் தன் கப்பல்களை வரிப் பிணை இல்லாமல் போகவிட்டது. அமெரிக்கர் விலகியபின் பிரிட்டிஷ் கான்சல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொஞ்ச காலத்துக்கு ஷாங்காய் உண்மையிலேயே வரியில்லாத் துறைமுகமாக ஆனது, எந்த அரசும் அப்படி அறிவிக்காமலேயே.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். முறை உடைந்ததற்குச் சீனர் காரணம் அல்ல, கிளர்ச்சியும் காரணம் அல்ல. இருவர் சேர்ந்து மூடிய கதவை மற்றவர்கள் திறந்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் கான்சலின் விதி சரியான விதி. ஆனால் அடுத்தவர் கொடியின்மீது அவருக்கு அதிகாரம் இல்லை என்ற உண்மையை அது கணக்கில் எடுக்கவில்லை.

தாவோதாயின் முயற்சிகள்

கயிற்றில் இறங்கி வந்தவர் சும்மா இருக்கவில்லை. அவருக்குப் பணம் அவசரம். நகரத்தை முற்றுகையிட்ட அரசுப் படைக்குச் சம்பளம் அந்தச் சுங்க வருமானத்திலிருந்துதான் போக வேண்டும். பண்டில் இருந்த பழைய கட்டடத்தைத் திரும்பத் திறக்கக் கேட்டார். பிரிட்டிஷ் கான்சல் மறுத்தார். நடுநிலைப் பகுதிக்குள் அரசு அலுவலகம் வந்தால் கிளர்ச்சிக்காரர்கள் தாக்க வருவார்கள், குடியிருப்பே போர்க்களமாகும் என்பது காரணம். சரி என்று தாவோதாய் ஆற்றில் கப்பல்களை நிறுத்தி மிதக்கும் சுங்கம் வைத்துப் பார்த்தார். அதையும் பிரிட்டிஷ் கான்சல் ஏற்கவில்லை.

தன் நாட்டிலேயே வரி வாங்க ஒரு மேசை போட இடம் கேட்டு அலைந்தார் அந்த அதிகாரி. அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை, பேரத்தில் ஊறியவர். ஆனாலும் இந்த ஐந்து மாதத்தில் அவர் நிலை பரிதாபமானது.

1854 பிப்ரவரியில் சுஜோ ஓடையின் வடகரையில் சுங்கம் திறந்தது, கான்சல்களும் ஏற்றுக்கொண்டார்கள். உடனே பழைய பேரமும் திறந்தது. ஒரு கப்பலுக்குத் தள்ளுபடி, இன்னொன்றுக்கு முழு வரி. அதோடு ஷாங்காய்க்குப் பட்டும் தேயிலையும் வரும் உள்நாட்டு நீர்வழிகளில் தாவோதாய் தனிச் சாவடிகள் போட்டார். துறைமுகத்தில் அந்நியர் ஏமாற்றினால் என்ன, சரக்கு அவர்கள் கைக்கு வருமுன்னே சீன வியாபாரியிடம் வாங்கிவிடலாமே. புத்திசாலித்தனமான யோசனை. ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று கான்சல்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். அத்தனை மாதங்களில் மூன்று பேரும் ஒரே குரலில் பேசியது இதற்குத்தான்.

ஏப்ரல் 4: சேற்று வெளி

இடையில் ஒரு சண்டை. அரசுப் படையின் முகாம்கள் அந்நியக் குடியிருப்பின் மேற்கெல்லையில், குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகே இருந்தன. ஏப்ரல் 3 அன்று அங்கே நடந்துகொண்டிருந்த ஆங்கிலேயர்களைச் சிப்பாய்கள் தாக்கினார்கள். மறுநாள் பிற்பகல் பிரிட்டிஷ், அமெரிக்கக் கப்பற்படையினரும் குடியிருப்பின் தொண்டர் படையும் சேர்ந்து ஏறக்குறைய 400 பேர் முகாமைத் தாக்கிக் கலைத்தார்கள். அதே நேரம் பார்த்து நகரத்துக் கிளர்ச்சிக்காரர்களும் வெளியே வந்து அரசுப் படைமீது பாய்ந்தார்கள். இந்த மோதலைச் சேற்று வெளிப் போர் என்று சொல்வது வழக்கம்.

நம் ஆய்வுக்கு இதில் ஒன்றுதான் தேவை. எந்த அரசுக்குச் சேர வேண்டிய வரியை விடக்கூடாது என்று பிரிட்டிஷ் கான்சல் புரோநோட்டு வாங்கினாரோ, அதே அரசின் படையைக் கலைக்க அந்தக் கான்சலே ஆள் அனுப்பினார். அவருக்கு இதில் முரண்பாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அன்று பங்கெடுக்கவில்லை. தாவோதாய்க்கு இந்தச் சண்டைக்குப் பின் புரிந்திருக்க வேண்டும்: இவர்களை எதிர்த்துச் சுங்கம் நடத்த முடியாது.

இரண்டாவது முடிவு: மூன்று நாற்காலி

புதிதாக வந்த அமெரிக்க ஆணையர் ஜூன் மாதம் குன்ஷான் சென்று, ஷாங்காய் அடங்கிய லியாங்ஜியாங் மாகாணங்களின் ஆளுநரைச் சந்தித்தார். உள்நாட்டுச் சாவடிகளை எடுங்கள், நிலுவை வரிக்கு வழி பார்க்கலாம் என்ற திசையில் பேச்சு போனது. பிரிட்டிஷ் கான்சலிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது: சுங்கச்சாவடி சீனருடையதாகவே இருக்கட்டும், உள்ளே அந்நியர்கள் வேலை செய்யட்டும்.

ஜூன் 29 அன்று தாவோதாயும் மூன்று கான்சல்களும் கையெழுத்திட்டார்கள். நேர்மை, விழிப்பு, அந்நிய மொழி அறிவு ஆகிய தகுதிகள் கொண்ட சுங்க அதிகாரிகள் கிடைக்காததுதான் தாவோதாயின் பிரதான சிரமம், அந்நியர்களைச் சேர்ப்பதே இதற்கு மருந்து என்றது முதல் பிரிவு. ஒவ்வொரு கான்சலும் ஒருவரை முன்மொழிவார், தாவோதாய் நியமிப்பார், சம்பளம் சீனச் சுங்க வருமானத்திலிருந்து. அவர்கள் தவறு செய்தால் தாவோதாயும் கான்சல்களும் சேர்ந்து விசாரிக்க வேண்டும். ஜூலை 12 அன்று அலுவலகம் திறந்தது. பிரிட்டிஷ்காரர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர்.

ஏன் மூன்று? ஒருவர் போதும், வேலை அவ்வளவு பெரிதல்ல. ஒரே ஒரு பிரிட்டிஷ்காரரை உட்கார வைத்திருந்தால் அமெரிக்கர்கள் ஒப்பியிருக்க மாட்டார்கள். இருவரை வைத்திருந்தால் பிரான்ஸ் மறுபடி ஓட்டையாக இருந்திருக்கும். இதை நாடுகளின் ஒற்றுமைக்குச் சான்றாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று பேர் ஒருவரையொருவர் கண்காணிக்கப் போட்ட மூன்று நாற்காலிகள் அவை. கண்காணிக்கப்படும் பெட்டி மட்டும் நாலாமவருடையது.

தாவோதாய் ஏன் ஒப்புக்கொண்டார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அவருக்குப் பணம் வேண்டும், படைக்குச் சம்பளம் போக வேண்டும். அந்நியக் கப்பலில் ஏறிச் சோதிக்கும் துணிச்சல் அந்நியருக்குத்தான் வரும். ஆட்கள் தன் ஊழியர்கள் என்பதால் இறையாண்மை போகவில்லை என்று மேலே எழுதிக்கொள்ளலாம். அன்றைய நெருக்கடியில் அது மோசமான பேரம் இல்லை.

அப்புறம் என்ன ஆனது

வருமானம் வந்தது, கணக்கு ஒழுங்கானது. தாவோதாய்க்கு மட்டும் பலன் கிடைக்கவில்லை. அந்நியரோடு கூடிக் குலவியதாகக் குற்றம் சாட்டப்பட்டு அதே ஆண்டில் பதவியை இழந்தார்.

பிரிட்டிஷ் வணிகர்களின் புரோநோட்டுகள் கடைசிவரை பணமாகவில்லை. லண்டன் ஒப்புதல் தரவில்லை, நோட்டுகள் கொடுத்தவர்களிடமே திரும்பின. அமெரிக்கத் தரப்பில் ஒரு பகுதி கட்டினால் போதும் என்று ஆணையர் தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தத்தைக் காக்க என்று எழுதி வாங்கிய காகிதங்கள் அவை.

நகரம் 1855 பிப்ரவரி 17 வரை சிறுவாள் சங்கத்தார் கையில் இருந்தது. பிரெஞ்சுக் குடியிருப்பு நகர மதிலை ஒட்டி இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் நடுநிலையைக் கைவிட்டு, ஜனவரி 6 அன்று அரசுப் படையோடு சேர்ந்து மதிலைத் தாக்கி, நிறைய ஆட்களை இழந்து பின்வாங்கினார்கள். இதற்கிடையே, சீனர் சில நூறு பேரே வசித்த அந்நியக் குடியிருப்பில் அகதிகள் குவிந்து 20,000-ஐத் தாண்டினார்கள். அவர்களுக்கு வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டதில் சில வணிகர்கள் பட்டிலும் தேயிலையிலும் பார்க்காத லாபத்தைப் பார்த்தார்கள். இது தனி ஆய்வுக்கான கதை.

மூன்று நாற்காலிகளும் சமமாக நிற்கவில்லை. மூவரில் சீன மொழியில் உண்மையான புலமை இருந்தது பிரிட்டிஷ்காரரான தாமஸ் வேடுக்குத்தான். சீனச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்னாளில் பெயர் கொடுத்தவர் அவர். எனவே வேலை அவர் மேசையில் குவிந்தது. ஒரே வருடத்தில் அவர் விலகினார். அடுத்து வந்த ஹொரேஷியோ நெல்சன் லேவும் சீன மொழி தெரிந்த பிரிட்டிஷ்காரர், வயது 23. மூன்று நாடுகளின் அலுவலகம் சத்தமில்லாமல் ஒரு நாட்டின் கைக்குப் போனது. அமெரிக்காவும் பிரான்சும் ஆள் அனுப்பத் தவறவில்லை, மொழி தெரிந்த ஆளை அனுப்பத் தவறின.

பழைய புகாரும் வேறு உடையில் திரும்ப வந்தது. ஷாங்காயில் ஒழுங்காக வரி வாங்குகிறார்கள், மற்றத் துறைமுகங்களில் பழையபடி பேரம் நடக்கிறது, இது எங்களுக்கு அநியாயம் என்றார்கள் ஷாங்காய் வணிகர்கள். ஒன்று எல்லா இடத்திலும் வையுங்கள், இல்லை இங்கேயும் எடுத்துவிடுங்கள். 1858-இல் தியான்ஜின் ஒப்பந்தத்தைத் தொடர்ந்த வணிக விதிகள் ஒரே சுங்க முறையை எல்லாத் துறைமுகங்களுக்கும் விரித்தன. அதே விதிகளில் அபினுக்கும் பிக்குலுக்கு 30 டேல் வரி போட்டுச் சட்டபூர்வமாக்கினார்கள். வூசோங்கில் மிதந்தது சாவடிக்குள் வந்தது.

இரண்டாம் அபின் போர் 1860-இல் முடிந்தபின் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சீனா கட்ட வேண்டிய போர் இழப்பீட்டுத் தொகை இந்தச் சுங்க வருமானத்திலிருந்தே கழிக்கப்பட்டது. 1863 முதல் பிரிட்டிஷ்காரரான ராபர்ட் ஹார்ட் தலைமையில் அந்த அமைப்பு கலங்கரை விளக்கங்கள் கட்டியது, 1896-இல் தபால் துறையையும் தொடங்கியது. போட்டியும் கூடவே வளர்ந்தது. ரஷ்யாவும் பிரான்சும் தலைமைப் பதவியில் கண் வைத்தபோது, பிரிட்டனின் வணிகம் மற்ற நாடுகளுடையதைவிட அதிகமாக இருக்கும்வரை தலைவர் பிரிட்டிஷ்காரராகவே இருப்பார் என்ற உறுதியை 1898-இல் லண்டன் பெய்ஜிங்கிடம் வாங்கிக்கொண்டது.

எங்கே மாற்றியிருக்கலாம்

பின்னாலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சுலபம்தான். இருந்தாலும் இரண்டு இடங்கள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, செப்டம்பர் 9 அன்று புரோநோட்டு விதியை அறிவிப்பதற்குமுன் பிரெஞ்சுக் கான்சலையும் வணிகக் கான்சல்களையும் ஒரே அறையில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஜூன் 29-இல் செய்ததைச் செப்டம்பரிலேயே முயன்றிருக்கலாம். அவசரம் இருந்தது என்பது உண்மை, கப்பல்கள் காத்திருந்தன. ஆனால் சேராத ஒருவர் இருந்தால் விதி நிற்காது என்பது பத்து வருடப் புகார்களிலேயே எழுதியிருந்தது. வராத நாடுகளின் கப்பலுக்கு இந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றித் தரமாட்டோம் என்று பெரிய வணிக நிறுவனங்கள் உடன்பட்டிருந்தால்கூட ஓட்டை சுருங்கியிருக்கும். அந்த நிறுவனங்களே அந்தக் கப்பல்களில் சரக்கு அனுப்பி லாபம் பார்த்தன என்பதால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

இரண்டாவது சீனத் தரப்பில். முதல் பிரிவு கேட்ட மூன்று தகுதிகளில் நேர்மையையும் விழிப்பையும் அந்நிய வணிகர்களிடமும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சீன ஊழியர்களிடம் மெய்யாகவே இல்லாதது மூன்றாவதுதான், மொழி. கற்றுக்கொடுத்தால் வரக்கூடியதும் அது ஒன்றுதான். அந்நியர் இத்தனை ஆண்டுக்கு மட்டும், அதற்குள் அவர்களிடம் பயிலச் சீன எழுத்தர்கள் இத்தனை பேர் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். தாவோதாய்க்குத் தோன்றவில்லை, கான்சல்கள் தாமாகச் சொல்லப்போவதில்லை.

மொழிப் பள்ளி பெய்ஜிங்கில் 1862-இல் வந்தது, ஷாங்காயில் 1863-இல். சுங்க வேலைக்கென்றே சீன இளைஞர்களைத் தயார்செய்யும் கல்லூரி பெய்ஜிங்கில் திறந்தது 1908-இல், அந்தக் கையெழுத்துக்கு 54 ஆண்டு கழித்து. அப்போதும் எந்தத் துறைமுகத்திலும் சுங்க ஆணையர் நாற்காலியில் சீனர் ஒருவரும் இல்லை.